செருப்பு, சாந்து, இரட்டைச் சங்கு: கொங்குக் கம்மாளருக்குக் கிடைத்த அரசாணை

கொங்கு நாட்டு நொய்யல் சமவெளியின் மேற்கே பேரூரும், கிழக்கே, நொய்யல் காவிரியில் கலக்கும் பகுதியை அடுத்து அமராவதிக் கரையில் கரூரும், இரண்டுக்கும் இடையில் ஈரோட்டுக்குத் தெற்கே மொடக்குறிச்சியும் உள்ளன. இம்மூன்று ஊர்களின் பழைய கோயில்களிலும் ஏறத்தாழ ஒரே செய்தியைக் கூறும் கல்வெட்டுகள் கிடைத்திருக்கின்றன. கொங்குச் சோழர் காலத்தைச் சேர்ந்த அந்த அரசாணை, ஒரு குறிப்பிட்ட மக்கட்பிரிவினர் தம் வீட்டுச் சுவரில் சாந்து பூசிக்கொள்ளலாம் என்றும், வெளியே செல்லும்போது காலில் செருப்பு அணிந்துகொள்ளலாம் என்றும், தம் வீட்டு நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதிப் பேரிகை கொட்டிக்கொள்ளலாம் என்றும் அனுமதி வழங்குகிறது. பழைய உள்ளூர்ச் சட்டங்களின் விந்தைகளைத் தொகுப்போர் இத்தகைய ஆணைகளை வியப்புக்குரிய துணுக்குகளாக மட்டும் எடுத்துக்காட்டுவது வழக்கம். ஆனால் இந்த மூன்று அனுமதிகளையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால், இடைக்காலக் கொங்கு நாட்டில் ஒருவர் பிறர் கண்ணுக்கும் காதுக்கும் எவ்வாறு தெரியலாம் என்பதையே சட்டம் அளந்து வைத்திருந்தது என்பது விளங்கும்.

கரூர்ப் பசுபதீசுவரர் கோயிலில் உள்ள படி, தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் மூன்றாம் தொகுதியில் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் அவர்களால் பதிப்பிக்கப்பட்டது. ஆணையை வழங்கிய அரசன் தன்னைக் கோனேரின்மைகொண்டான் என்று அழைத்துக்கொள்கிறான். தனக்கு நேரான வேறு கோ இல்லாதவன் என்னும் பொருள்படும் இப்பட்டத்தைச் சோழரும் பாண்டியரும் கொங்கை ஆண்டோரும் பலராகச் சூடிக்கொண்டமையால், இது ஓர் அரசனின் இயற்பெயரைச் சுட்டாமல் அரச ஆணையின் குரலைச் சுட்டும் தொடராகவே நிற்கிறது. ஆணையைப் பெற்றவர் கம்மாளர். தச்சர், கொல்லர், கன்னார், தட்டார், கல்தச்சர் ஆகிய ஐந்தொழிலாளரையும் ஒருசேரக் குறிக்கும் பெயர் அது. இவர்களுள் கன்னார் என்போர் செம்பிலும் வெண்கலத்திலும் பாத்திரமும் படிமமும் வார்ப்போர். கல்தச்சர் என்போர் கோயில் எழுப்பிச் சிற்பம் செதுக்குவோர்.

பதினைந்தாம் ஆட்சியாண்டின் ஆடி மாதம் முதல் இவ்வுரிமைகள் செல்லும் என்று ஆணை நாள் குறிக்கிறது. ஆடியில் திருமணம் செய்யாத இன்றைய வழக்கம் அன்றும் இருந்திருக்குமாயின், புதிய உரிமையோடு முதன்முதலில் முழங்கிய சங்கு ஒரு சாவு வீட்டில்தான் முழங்கியிருக்க வேண்டும். ஓர் ஆணை நடைமுறைக்கு வரும் மாதத்தைக் குறிப்பிடுகிறது என்பது, அதற்கு முந்தைய மாதம் வரை அச்செயல்கள் தடுக்கப்பட்டிருந்தன என்பதற்கு நேரான சான்று. செருப்பு அணியக்கூடாது என்று விதித்த கல்வெட்டு எதுவும் கொங்கில் வெட்டப்பட வேண்டியிருக்கவில்லை. அத்தடை ஊர் வழக்கமாகவே, எழுதாமலே நின்றது. தடையை நீக்குவதற்குத்தான் எழுத்தும் கல்லும் தேவைப்பட்டன. வரலாற்றாசிரியருக்கு அந்தத் தடைகளைப் பற்றிக் கிடைக்கும் செய்தி பெரும்பாலும் இவ்வாறு விலக்குகளின் வழியாகவே கிடைக்கிறது.

மூன்று உரிமைகளுள் சாந்து பூசும் உரிமையே கம்மாளரின் தொழிலோடு மிக நெருங்கியது. கொங்கு நாட்டின் சாதாரண வீடுகள் நெடுங்காலம் மண்சுவரும் கூரையுமாகவே இருந்தன. சுவர் மழையில் கரையாமல் இருக்கச் செம்மண்ணும் சாணமும் மெழுகப்பட்டன. சுண்ணாம்புச் சாந்து அதிலிருந்து முற்றிலும் வேறான பொருள். கோவைச் சுற்றுப்புறத்தில் சுண்ணாம்புக்கல்லுக்குக் குறைவில்லை. 1934ஆம் ஆண்டு மதுக்கரையில் சிமெண்டு ஆலை நிறுவப்பட்டதும் அந்தக் கல் வளத்தை நம்பியே. வயல்களில் சுக்கான்கல் என்று மக்கள் அழைக்கும் சுண்ணாம்பு முடிச்சுகளைப் பொறுக்கிக் காளவாயில் அடுக்கி, விறகும் கரியும் இட்டுச் சுட்டு, நீர் தெளித்துத் தாளித்து, சலித்த மணலோடு சேர்த்துக் கல்லில் நெடுநேரம் அரைத்தால்தான் சாந்து கிடைக்கும். அரைக்கும்போது கடுக்காய் ஊறவைத்த நீரும் வெல்லக் கரைசலும் சேர்ப்பதுண்டு. கடுக்காயின் துவர்ப்பும் வெல்லமும் சாந்தை இறுகச் செய்து வெடிப்பைக் குறைக்கும் என்பது கொத்தர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்த நுணுக்கம். மேற்பூச்சுக்கு இன்னும் நைசாக அரைத்த சுண்ணாம்பைப் பூசிக் கூழாங்கல்லால் தேய்த்தால் சுவர் பளிங்குபோல் மின்னும். இவ்வளவு உழைப்பைக் கேட்கும் பூச்சு கோயிலுக்கும் அரண்மனைக்கும் உரியதாக இருந்தது என்பதில் பொருளாதாரக் காரணம் ஒன்று உண்டு. ஆயினும், வாங்கக்கூடியவருக்கும் அது மறுக்கப்பட்டிருந்தது என்பதையே ஆணை காட்டுகிறது. விமானத்தின் உச்சிவரை கற்களை ஏற்றிக் கோயிலை எழுப்பியவர்கள், அந்தக் கோயிலின் வெண்மையில் ஒரு கைப்பிடியைத் தம் திண்ணைச் சுவருக்கு எடுத்துக்கொள்ள அரசனின் ஓலைக்குக் காத்திருந்தார்கள்.

வீடு கட்டும் பொருளை அரசு அளந்து தருவது கொங்குக்கு மட்டும் உரிய வழக்கமன்று. சோழர் செப்பேடுகளில் பிரமதேயத்துக்கும் தேவதானத்துக்கும் பள்ளிச்சந்தத்துக்கும், அதாவது அந்தணருக்கும் கோயில்களுக்கும் சமண பௌத்தப் பள்ளிகளுக்கும் வழங்கிய நிலக்கொடைகளில், கொடை பெற்றோர் அனுபவிக்கக்கூடிய உரிமைகள் நீளமாக அடுக்கப்படுகின்றன. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்ததைக் கூறும், இப்போது லெய்டன் செப்பேடுகள் எனப்படும் ஏடுகளும், முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகளும் இவ்வகைப் பட்டியலுக்குச் சிறந்த எடுத்துக்காட்டுகள். சுட்ட செங்கல்லால் மாட மாளிகை எடுக்கலாம், கிணறு வெட்டலாம், தென்னையைத் தோப்பாக வைக்கலாம், தமனகமும் மருவும் செங்கழுநீரும் நடலாம், பெரிய செக்கு நாட்டலாம் என்று அவை சொல்கின்றன. அங்குள்ள தென்னையிலும் பனையிலும் கள் இறக்கும் ஈழவர் ஏறக்கூடாது என்றும் விதிக்கின்றன. மணமுள்ள ஒரு செடியை வீட்டின் பக்கத்தில் நடுவதற்கு அனுமதி வேண்டும் என்பது இன்றைய வாசகருக்குப் புதிராகத் தோன்றினாலும், பல்லவர் காலத்திலேயே குவளை நடுவதற்குக் குவளை நடு வரியும், திருமணத்துக்குக் கண்ணாலக் காணமும் தண்டப்பட்டன என்பதை நினைத்தால் புதிர் விலகும். பூ விலைபோகும் பொருள். செங்கல்லும் மாடமும் நிலைத்த செல்வத்தின் அடையாளம். எங்கே செல்வம் கண்ணுக்குத் தெரிகிறதோ அங்கே வரியும் அனுமதியும் ஒன்றாகச் சென்றன.

இதே விதி கடல் கடந்த தீவில் இன்னும் கடுமையாக நின்றதை ஓர் ஆங்கிலக் கைதி எழுதி வைத்திருக்கிறான். 1660ஆம் ஆண்டு திருகோணமலைக்கு அருகே கொட்டியாரத்தில் சிறைபிடிக்கப்பட்டு, 1679இல் தப்பும்வரை ஏறத்தாழ 20 ஆண்டுகள் கண்டி அரசில் வாழ்ந்த இராபர்ட் நாக்சு, இரண்டாம் இராசசிங்கன் ஆட்சியில் குடிமக்கள் தம் வீட்டை ஒரு நிலைக்கு மேல் உயர்த்தக்கூடாது, ஓடு வேயக்கூடாது, சுவரைச் சுண்ணாம்பால் வெளுக்கக்கூடாது என்று குறிப்பிடுகிறான். அந்நாட்டில் கிடைக்கும் ஒரு வகை வெண்களிமண்ணைச் சிலர் சுண்ணாம்புக்கு மாற்றாகப் பூசிக்கொண்டதையும் அவன் சொல்லத் தவறவில்லை. தடை நிறத்தின் மீதன்று, பொருளின் மீதே என்பது அதனால் தெளிவாகிறது. உயர்ந்தோரையும் தாழ்ந்தோரையும் பிரித்தறிய அங்கே ஆடையின் நீளமும் இருக்கையும் பயன்பட்டன. தாழ்ந்தோர் முழங்காலுக்குக் கீழே ஆடை தொங்கவிடக்கூடாது. முக்காலியில் அமராமல் பாயிலோ மரக்கட்டையிலோ அமர வேண்டும். கொங்குக்கு மேற்கே, பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் வரும் மலையாள நாட்டிலும் ஓடு வேய்ந்த கூரை கோயிலுக்கும் அரண்மனைக்கும் உரியதாகக் கருதப்பட்டது. பிறர் ஓடு வேய அரசனின் இசைவு வேண்டியிருந்தது. கொங்குக் கல்வெட்டை இவற்றோடு சேர்த்துப் படிக்கும்போது, அது தனித்த ஒரு விந்தை என்னும் நிலை போய், தென்னகமும் ஈழமும் பகிர்ந்துகொண்ட ஒரு பெரிய ஒழுங்கின் கீற்றாகிறது. அந்த ஒழுங்கு தளர்ந்த ஓரிடத்தைத் தேதியோடு பதிவு செய்தது என்பதே கொங்குக் கல்வெட்டின் தனிச் சிறப்பு.

செருப்பைப் பற்றிய அனுமதி மூன்றிலும் சிறியதாகத் தோன்றலாம். கொங்கின் நிலத்தை அறிந்தவர் அவ்வாறு கருத மாட்டார். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் இந்நாட்டில் கிளுவை வேலியும் வேலமரமும் நிறைந்த மேய்ச்சல் காடுகளே பெரும்பரப்பு; கோடையில் சுக்கான்கல் பரவிய தரை பாதத்தைச் சுடும். ஊர் ஊராகச் சென்று கலப்பைக்குக் கொழு அடித்தும், வண்டிக்குப் பட்டை போட்டும், கோயில் வேலைக்காக நாடு விட்டு நாடு நடந்தும் பிழைத்த தொழிலாளிக்குச் செருப்பு ஆடம்பரமன்று. ஆணையும் அவர்கள் புறப்பட வேண்டும் இடங்களுக்குச் செருப்பு அணியலாம் என்றே கூறுகிறது. பயணத்தைக் கருதியே அவ்வுரிமை கேட்கப்பட்டது என்று கொள்ள அது இடம் தருகிறது. இருந்தும், உயர்ந்தவர் முன்னே செருப்பைக் கழற்றுவது வணக்கத்தின் அடையாளமாக இருந்த சமூகத்தில், செருப்புடன் தெருவில் நடப்பது வணங்க மறுப்பதாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. காலணியைப் படிநிலையின் அளவுகோலாக்கியவர் இந்நாட்டார் மட்டுமல்லர். இங்கிலாந்தில் நான்காம் எட்வர்டு காலத்தில், 1463ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், பிரபு நிலைக்குக் கீழ்ப்பட்ட எவரும் இரண்டு அங்குலத்துக்கு மேல் நீண்ட கூர்முனை கொண்ட காலணியை அணியக்கூடாது என்று விதித்தது. ஆனால் ஆங்கிலச் சட்டம் காலணியின் நுனியைத்தான் அளந்தது, கொங்கின் வழக்கம் காலணியையே மறுத்தது. ஆடை பற்றிய அந்நாட்டுச் சட்டங்கள் 1604இல் ஒரே அடியாக நீக்கப்பட்டன. இங்கே ஒவ்வொரு பிரிவும் தனித்தனியே ஓலை வாங்க வேண்டியிருந்தது.

மூன்றாவது உரிமை ஒலியைப் பற்றியது. கல்வெட்டு நன்மை தின்மை என்று குறிப்பது திருமணம் முதலிய மங்கல நிகழ்ச்சிகளையும் சாவு முதலிய அமங்கல நிகழ்ச்சிகளையும். இரண்டிலும் சங்கு ஊதுவது இன்றளவும் தமிழகத்தில் தொடரும் வழக்கம். ஒற்றைச் சங்கு ஊதுவதற்கும் இரட்டைச் சங்கு ஊதுவதற்கும் இடையிலான வேறுபாடு ஊராருக்கு உடனே விளங்கக்கூடியது. சாந்து பூசிய சுவரைப் பார்க்க அந்தத் தெருவுக்குச் செல்ல வேண்டும். சங்கின் ஒலியோ தோட்டங்களைத் தாண்டி அடுத்த ஊர் வரை சென்று, யார் வீட்டில் என்ன நடக்கிறது, அந்த வீட்டார் எத்தகைய நிலையினர் என்பதை ஒரே நேரத்தில் அறிவித்துவிடும். பெருமுரசு வகையைச் சேர்ந்த பேரிகையும் அவ்வாறே. கோயில் விழாவிலும் அரசனின் புறப்பாட்டிலும் முழங்கிய கருவியைத் தம் வீட்டு ஊர்வலத்தில் முழக்குவது, ஊர்த் தெருவில் தமக்கும் ஒரு பங்குண்டு என்று சொல்வதாகும்.

இதனாலேயே பிற்காலத்தில் தமிழகத்தை அலைக்கழித்த வலங்கை இடங்கைப் பூசல்கள் பெரும்பாலும் ஊர்வலம், குடை, கொடி, வாத்தியம் ஆகியவற்றைச் சுற்றியே எழுந்தன. வேளாண்மையோடு பிணைந்த பிரிவினர் பெரும்பாலும் வலங்கை என்றும், கம்மாளர் முதலிய கைவினைப் பிரிவினர் இடங்கை என்றும் அணி திரண்டிருந்தனர். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெசவாளரான கைக்கோளர், தண்டு என்னும் பல்லக்கையும் சங்கையும் தம் சடங்குகளில் பயன்படுத்தும் உரிமையை விசயநகர அதிகாரிகளிடம் பெற்றனர். காஞ்சிபுரத்துக் கைக்கோளரும் விரிஞ்சிபுரத்துக் கைக்கோளரும் முன்பே அனுபவித்த உரிமையைத் தமக்கும் தரவேண்டும் என்று பிற பகுதிக் கைக்கோளர் கேட்டதாகக் கல்வெட்டுகள் கூறுவதால், ஓர் ஊரில் பெற்ற உரிமை மற்றோர் ஊருக்கு முன்மாதிரியானது என்பதும் அறியவருகிறது. கொங்கு ஆணை மூன்று ஊர்களில் வெட்டப்பட்டதன் பயனும் அதுவே. சென்னைப்பட்டினத்தில் 1707ஆம் ஆண்டு, தாமசு பிட் ஆளுநராக இருந்தபோது, எந்தத் தெருவில் எந்தக் கையாரின் திருமண ஊர்வலம் செல்லலாம் என்பதைப் பற்றி மூண்ட பூசல், வலங்கையார் பெருங்கூட்டமாகச் சாந்தோமுக்கு வெளியேறும் அளவுக்கு வளர்ந்தது. வாணிகம் செய்ய வந்த ஆங்கிலக் கம்பெனி சங்குக்கும் தெருவுக்கும் தீர்ப்புச் சொல்ல வேண்டிய நிலைக்கு வந்தது.

கொங்குக் கம்மாளருக்கு இவ்வுரிமை ஏன் கிடைத்தது என்னும் கேள்விக்கு ஆணையின் இறுதிப் பகுதி ஒரு விடையைத் தாங்கி நிற்கிறது. இவ்வோலையையே ஆதாரமாகக் கொண்டு, சந்திரனும் சூரியனும் உள்ளவரை செல்லும்படி, தாங்கள் விரும்பும் இடங்களில் கல்லிலும் செம்பிலும் வெட்டிக்கொள்ளலாம் என்று அரசன் கூறுகிறான். பிடிபாடு என்று கல்வெட்டுகள் குறிக்கும் இவ்வாதார ஓலை பனையோலையே. சில தலைமுறைகளில் மட்கிப் போகக்கூடியது. அதை அழியாத ஆவணமாக்கும் இரு வழிகளும் ஓலையைப் பெற்றவர் கையிலேயே இருந்தன. கல்லில் வெட்டுவோர் கல்தச்சர், செம்பில் பொறிப்போர் கன்னார். நாடெங்கும் அரசரின் கொடைகளையும் பிறர் உரிமைகளையும் கல்லில் வெட்டிக் கொடுத்தே பழகிய உளிகள், இம்முறை தம் குலத்தாரின் பெயரை வெட்டின. கரூர்க் கோயிலின் சுவரில் இன்று விரலால் தடவிப் பார்க்கக்கூடிய எழுத்துகளை வெட்டியவர், எழுத்தின் பொருளால் பயன்பெற்றவர்களுள் ஒருவர் என்று கருதுவதில் தவறில்லை. தமிழகக் கல்வெட்டுகளுள் இந்த நிலை மிக அரியது. இந்த ஆணை பெறும் மதிப்பில் பாதி அதனாலேயே.

கைவினைஞர் அரசனிடம் இத்தகைய இசைவைப் பெறும் அளவுக்கு வலிமை பெற்றமைக்குக் கோயில் கட்டடப் பணியின் பெருக்கமே அடிப்படை. நொய்யல் கரையில் கைவினையின் வரலாறு மிகப் பழையது. கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் நிகழ்த்திய அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், மணிகளை அறுத்துத் துளையிட்ட தொழிற்கூடங்களின் எச்சங்களும், சங்கு அறுத்த துண்டுகளும் கிடைத்தன. கி.மு. நூற்றாண்டுகளிலேயே இந்த ஆற்றங்கரை கொல்லரையும் மணி செய்வோரையும் கொண்டிருந்தது. சோழர் காலத்தில் கற்றளிகள் பெருகியபோது அவர்களின் தேவை மேலும் கூடியது. கூடவே அவர்களின் நிலை பற்றிய கேள்வியும் எழுந்தது. திருச்சிராப்பள்ளிக்கு அருகே உய்யக்கொண்டான் திருமலையில் உள்ள, முதலாம் குலோத்துங்கன் காலத்து 1118ஆம் ஆண்டுக் கல்வெட்டு, இரதகாரர் என்னும் பிரிவினர் எந்தெந்தத் தொழில்களைச் செய்யலாம் என்று அந்தணர் சபையொன்று நூல்களை ஆராய்ந்து தீர்ப்புக் கூறியதைப் பதிவு செய்கிறது. தேர் செய்தல், கோபுரம் எழுப்புதல், மண்டபம் அமைத்தல், வேள்விக் கருவிகள் செய்தல் முதலியன அவர்களுக்குரியனவாகத் தீர்மானிக்கப்பட்டன. அங்கே சாத்திரம் தொழிலை வரையறுத்தது. கொங்கில் அரசாணை வாழ்வின் மதிப்பைத் தொட்டது. சாத்திரத்தைத் துணைக்கு அழைக்காமல், சொன்னோம் என்னும் அரசனின் ஒரே சொல்லால் ஊர் வழக்கம் மாற்றப்பட்டது என்பது இவ்விரண்டையும் ஒப்பிடும்போது தெளிவாகிறது. கைவினைஞரின் வழக்கு அத்தோடு முடியவும் இல்லை. விசுவகர்ம மரபினர் எனப்படும் கம்மாளர் தம் திருமணச் சடங்குகளைத் தாமே நடத்திக்கொள்ளும் உரிமைக்காக 1818இல் சித்தூர் அதாலத்து நீதிமன்றம் வரை சென்று வாதாடினர்.

கல்லில் வெட்டப்பட்ட கொங்கு ஆணைக்கு மாறாக, உள்ளூர் வழக்கம் முழுவதையும் தாளில் எழுதிச் சட்டமாக்கிய முயற்சி ஈழத்தில் நிகழ்ந்தது. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர், 1706இல் ஆளுநர் கொர்னேலிசு யோவான் சைமன்சு இட்ட கட்டளைப்படி, அங்கே பல்லாண்டு பணியாற்றிய கிளாசு ஐசாக்சு என்னும் அதிகாரியைக் கொண்டு தமிழ்க் குடிகளின் வழக்கங்களைத் தொகுப்பித்தனர். தொகுப்பு தமிழில் பெயர்க்கப்பட்டு, 12 முதலியார்கள் படித்துப் பார்த்து இசைவு தெரிவித்த பின், 1707இல் நடைமுறைக்கு வந்தது. தேசவழமை என்னும் அச்சட்டம் 1806ஆம் ஆண்டின் 18ஆம் ஒழுங்குவிதியால் ஆங்கிலேயராலும் ஏற்கப்பட்டு, பல திருத்தங்களோடு இன்றும் வட இலங்கையில் செல்லுபடியாகிறது. பிள்ளையில்லாதவர் ஒரு குழந்தையைத் தத்தெடுக்கும்போது, வண்ணாரும் நாவிதரும் உடனிருக்க, உரிமைக்காரரான உறவினர் மஞ்சள் நீரில் விரல் நனைத்து இசைவு காட்ட வேண்டும் என்றும், நனைக்க மறுத்தவரின் சொத்துரிமை தத்தெடுப்பால் அழியாது என்றும் அது கூறுகிறது. நிலத்தை விற்க விரும்புபவர் உரிமைக்காரருக்கும் பங்காளிக்கும் அயல் நிலத்தாருக்கும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பழைய நாளில் அதே ஊரில் இருப்பவருக்கு ஒரு மாதமும், வெளியூரில் இருப்பவருக்கு அதனினும் கூடிய காலமும், நாடு கடந்து சென்றவருக்கு ஓராண்டும் தவணை கொடுக்கப்பட்டது. ஒல்லாந்தர் அதை மாற்றி, அடுத்தடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிற்பற்றில் அறிவித்தால் போதும் என்றனர்.

மஞ்சள் நீரில் நனைந்த விரலும் மூன்று ஞாயிற்று அறிவிப்பும் படிப்பவரை ஈர்க்கும் செய்திகள். ஆனால் அதே சட்டத்தில் அடிமைகளைப் பற்றிய பகுதி ஒன்றும் இருக்கிறது. கோவியர், நளவர், பள்ளர் முதலியோரை உடைமையாகக் கருதி, அவர்களின் திருமணத்தையும் அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் எந்த ஆண்டைக்கு உரியவர் என்பதையும் அது வகுக்கிறது. இலங்கையில் அடிமை முறை 1844இல் சட்டத்தால் முற்றாக ஒழிக்கப்படும்வரை அப்பகுதி உயிரோடு இருந்தது. ஒரு நாட்டின் பழைய சட்டத்தில் இனிய பகுதியை மட்டும் எடுத்துச் சொல்வது அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி.

கொங்கு ஆணையையும் அவ்வாறே முழுமையாகப் படிக்க வேண்டும். அது கம்மாளருக்கு மட்டுமே பேசுகிறது. அவர்கள் காலில் அணியப்போகும் செருப்பைத் தோல் பதனிட்டுத் தைத்துக் கொடுத்தவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பிற்காலக் கொங்கில் செருப்பும், கவலை இறைக்கும் தோல்பறியும், காளைகளுக்கான வார்களும் தைத்துத் தந்த அருந்ததியர், தாம் தைத்த செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஊர்த் தெருவைக் கடக்க வேண்டியிருந்த வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பல ஊர்களில் தொடர்ந்தது. தேநீர்க் கடைகளில் தனிக் குவளை வைத்ததும் அதே வழக்கத்தின் இன்னொரு முகம். எழுதப்படாத அந்தச் சட்டம் சில நேரங்களில் எழுத்திலும் வந்தது. 1930ஆம் ஆண்டு டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடருக்கு விதித்த எட்டுத் தடைகளை, இந்தியச் சாதி அமைப்பைப் பற்றி எழுதிய ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். பொன்னும் வெள்ளியும் அணியக்கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது, சட்டை அணியக்கூடாது, தலைமுடியைக் கத்தரிக்கக்கூடாது, மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக்கூடாது, பெண்கள் மேலாடை அணியக்கூடாது, பூவும் மஞ்சளும் பூணக்கூடாது, ஆண்கள் குடை பிடிக்கவோ செருப்பு அணியவோ கூடாது என்பன அவை. கண்டியில் நாக்சு கண்ட முழங்கால் அளவும் கொங்குக் கல்வெட்டின் செருப்பும் 20ஆம் நூற்றாண்டில் மீண்டும் ஒரே பட்டியலில் நின்றன.

இந்தியக் குடியரசின் சட்டங்களை இக்கல்வெட்டின் அருகே வைத்துப் படித்தால், அவை எந்தத் தடைகளுக்கு எதிராக எழுதப்பட்டன என்பது துலங்கும். 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், 1976இல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றப்பட்டது. அதன் நான்காம் பிரிவு, ஒருவர் எந்தப் பகுதியிலும் வீடு கட்டுவதையோ வாங்குவதையோ குடியிருப்பதையோ, சமூக, சமயச் சடங்குகளையும் ஊர்வலத்தையும் நடத்துவதையோ, நகையும் அணிகலனும் பூணுவதையோ தீண்டாமையின் பேரில் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் இயற்றப்பட்டபோது செருப்பு அதில் இடம்பெறவில்லை. 2015இல் அது திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தபோதுதான், பட்டியல் சாதியினர் பொது இடத்தில் காலணியோ புத்தாடையோ அணிவதையும், மிதிவண்டியிலோ மோட்டார் சைக்கிளிலோ செல்வதையும், திருமண ஊர்வலம் நடத்துவதையும், அந்த ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு ஊர்தியிலோ ஏறி வருவதையும் தடுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்னும் வாசகம் அதில் சேர்க்கப்பட்டது.